ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்ஜினுக்கு இனிமேல் பாகம் கிடைக்குமா?

நீங்கள் கேட்டது இது: தாத்தா வாங்கிய 1960-களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருடங்களாக ஷெட்டில் நிற்கிறது, இன்ஜின் பிடித்துக்கொண்டுவிட்டது. ‘இதுக்கு பிஸ்டன் செட்டே உலகத்துல கிடையாது, பழைய மாருதி இன்ஜின் ஒண்ணைத் தூக்கி வெச்சிடலாம்’ என்கிறார் மெக்கானிக். பாகம் எங்கே கிடைக்கும், கிடைக்காவிட்டால் செய்ய முடியுமா, செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த இன்ஜினைக் காப்பாற்றலாமா, இல்லை பாசத்தில் பணத்தைக் கொட்டப் போகிறோமா என்பதுதான் அது. பிளாக்கும் கிராங்கும் உடையாமல் இருந்தால் காப்பாற்றலாம். கோவையில் போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை என்றே பல வருடங்களைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் இன்ஜினை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் எதை உறுதியாகச் சொல்ல முடியும், எதைத் திறந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்த இன்ஜினின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், பாகம் தேடும்போது அதுதான் கை கொடுக்கும். பிரிட்டனில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவானது. உள்ளே இருக்கும் 948 சிசி இன்ஜின் அதைவிடவும் மூத்தது. 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக 803 சிசியில் பிறந்து, அடுத்த வருடமே ஸ்டாண்டர்டு டென் காருக்காக 948 ஆனது. அதே குடும்பம் பிறகு 1147, 1296 சிசி என்று வளர்ந்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வரை போனது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 803-லிருந்து 1296 வரை எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 76 மில்லிமீட்டர்தான். மாறியது துளை, அதாவது சிலிண்டரின் உள்விட்டம் மட்டும்: 58, 63, 69.3, 73.7 மில்லிமீட்டர். ஆகவே உங்கள் இன்ஜின் அனாதை இல்லை, அதற்கு இன்றும் உயிரோடு இருக்கும் தம்பிகள் உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருப்பதால் அதன் பாகங்கள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. கேஸ்கட், செயின், பேரிங் வகையில் எதெல்லாம் அண்ணன் தம்பிக்குள் பொருந்தும் என்பதை அளந்து ஒப்பிட்டால் தேடலில் கணிசமான பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது என்றாலே பிஸ்டன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பெரும்பாலும் நடந்திருப்பது, வால்வு திறந்திருந்த சிலிண்டருக்குள் ஈரக்காற்று புகுந்து, ரிங் சுவரோடு சேர்ந்து துருப்பிடித்திருப்பது. செல்ஃப் அடித்தோ, கியரில் போட்டு வண்டியை இழுத்தோ சுற்றப் பார்க்காதீர்கள். ரிங் உடைந்து சுவரைக் கீறிவிடும், அலுமினியப் பிஸ்டனின் ரிங் பள்ளத்து விளிம்பும் போய்விடும். பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட ஸ்பேனர் போட்டு, இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. அசையவில்லை என்றால் கீழே இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கனெக்டிங் ராடு மூடிகளை எடுத்து, பிஸ்டனை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவர வேண்டும். மேலிருந்து சுத்தியலால் அடிப்பதாக இருந்தால் மரக்கட்டையை வைத்து, நிதானமாக. அவசரத்தில் உடையும் ஒரு பிஸ்டன், பிறகு நான்கு பிஸ்டன் தேடும் வேலையாக மாறும்.

கழற்றிய எதையும் தூக்கி எறியக் கூடாது. கிழிந்த கேஸ்கட், உடைந்த ரிங், தேய்ந்த வாட்டர் பம்ப் சீல், எல்லாம் ஒரு பெட்டியில் போகட்டும். பட்டறைகளில் இன்ஜின் இறங்கிய அன்றே பழைய சாமான் குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரு மாதம் கழித்து, ‘பழைய பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோர்க்கும் கம்பி) என்ன விட்டம்?’ என்று கடைக்காரர் கேட்கும்போது பதில் சொல்ல ஆளில்லை. பழைய காரின் பாகம் கிடைக்காமல் போவதற்கு நான் பார்த்த முக்கியக் காரணம், அளவு சொல்லத் தெரியாமல் பெயரைச் சொல்லித் தேடுவது. ‘ஹெரால்டு ஆயில் சீல் இருக்கா?’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று மூன்று எண்ணைச் சொன்னால் அதே கடைக்காரர் அலமாரியைத் திறப்பார். பால் பேரிங் என்றால் அதன் மேலேயே எண் பொறித்திருக்கும், அந்த எண் உலகம் முழுக்க ஒன்றுதான். டைமிங் செயின் என்றால் பிட்ச் (ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரம்), வரிசை, கண்ணி எண்ணிக்கை. அந்தக் கால பிரிட்டிஷ் இன்ஜின்களில் பெரும்பாலும் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 9.525 மில்லிமீட்டர் பிட்ச் செயின்தான். பிஸ்டன் ரிங் என்றால் துளை விட்டம், ரிங்கின் உயரம், சுவரிலிருந்து உள்நோக்கிய தடிமன். இந்த மூன்றும் சரியாக இருக்கும் ரிங் எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பது முக்கியமில்லை. போட்ட பிறகு வாய் இடைவெளியை, அதாவது ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, பார்த்துக்கொண்டால் போதும். பொதுவான கணக்கு, துளையின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 3 முதல் 4 தவ். தவ் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 63 மில்லிமீட்டர் துளைக்கு ஏறக்குறைய 8 முதல் 10 தவ் வரும். குறைவாக இருந்தால் அரத்தால் ராவிக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் வேறு ரிங்தான்.

போல்ட், நட்டு விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஹெரால்டில் அங்குலக் கணக்கு யூஎன்எஃப் மரைகள்தான், இன்றும் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் கார்களில் பிஎஸ்எஃப், விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை வகைகள் வரும். பழைய மாரிஸ் இன்ஜின்களில் இன்னும் விசித்திரம்: மரை மெட்ரிக், தலை விட்வர்த் ஸ்பேனருக்கு. மாரிஸ் நிறுவனம் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியின் கோவென்ட்ரி இன்ஜின் தொழிற்சாலையை வாங்கி, அதன் இயந்திரங்களோடு மரையையும் எடுத்துக்கொண்டதால் வந்த வழக்கம் அது. மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் ‘கிட்டத்தட்டப் போகுது’ என்று முறுக்கி பிளாக்கின் மரையைக் கெடுத்த இன்ஜின்கள் நிறைய வருகின்றன.

இனி பிஸ்டன். உங்கள் மெக்கானிக் பயப்படுவது இதற்குத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. ‘லேத்தில் கடைந்து கொடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிஸ்டன் பார்க்க உருளை மாதிரி இருக்கும், உண்மையில் அது உருளை இல்லை. பின் துளை இருக்கும் திசையில் குறுகலாகவும், அதற்குக் குறுக்குத் திசையில் அகலமாகவும், லேசான முட்டை வடிவில் இருக்கும். மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சிறியது, ஏனென்றால் எரியும் வாயுவின் சூடு மேலேதான் அதிகம். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இந்த விரிவையெல்லாம் கணக்குப் பண்ணி, சூடான பிறகு வட்டமாக ஆகும்படிதான் குளிர்ந்த பிஸ்டனின் வடிவத்தை வைத்திருப்பார்கள். சாதாரண லேத் சரியான வட்டத்தைத்தான் கடையும். அந்தப் பிஸ்டன் இறுக்கமாக இருந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும், தளர்வாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தட்டிக்கொண்டே இருக்கும். உலோகமும் முக்கியம். பிஸ்டனுக்குச் சிலிக்கான் கலந்த தனிக் கலவை வேண்டும். பழைய பாத்திரமும் ஜன்னல் கம்பியும் உருக்கி ஊற்றிய அலுமினியம் அந்தச் சூட்டைத் தாங்காது.

ஆகவே பிஸ்டனுக்கு மூன்று நல்ல வழிகள். முதலாவது, ஓவர்சைஸ் பிஸ்டன், அதாவது தேய்ந்த துளையைப் பெரிதாகக் கடைந்த பிறகு போடும் பெரிய அளவு பிஸ்டன். அந்தக் காலத்தில் 20, 30, 40, 60 தவ் என்று ஓவர்சைஸ் விட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டர்டு சைஸ் விற்றுத் தீர்ந்த பிறகும் ஓவர்சைஸ் பெட்டிகள் பழைய கடைகளில் தங்கிப்போவது உண்டு. உங்கள் துளை ஏற்கெனவே எந்த சைஸுக்குப் போயிருக்கிறது என்று தெரியாமல் இதை வாங்கக் கூடாது. இரண்டாவது, பிரிட்டனிலிருந்து வரவழைப்பது. ட்ரையம்ஃப் பாகங்களையே தொழிலாகச் செய்யும் ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் போன்ற கடைகள் இருக்கின்றன. 1147, 1296-க்கு இருக்கும் சரக்கு 948-க்கு எப்போதும் இருக்காது. ஆனாலும் கேட்டு வைத்தால் வரும். மூன்றாவது, வேறு இன்ஜினின் பிஸ்டனைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஏற்றபடி பிளாக்கை மாற்றுவது. இதில்தான் ஆளாளுக்கு அடி வாங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

துளை விட்டம் நெருங்கி வந்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். ஃபியட் 1100-இன் துளை 68 மில்லிமீட்டர், மாருதி 800-இன் துளை 68.5. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், போர் பண்ணினால் போயிற்று என்று தோன்றும். பின் விட்டம் வேறு, பின்னைப் பிடிக்கும் முறை வேறு, எடை வேறு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னின் மையத்திலிருந்து தலை வரை இருக்கும் உயரம் வேறு. இந்த உயரம் தப்பினால் என்ன ஆகும் என்பதை உங்கள் இன்ஜினை வைத்தே கணக்குப் போடலாம். 63 துளை, 76 ஸ்ட்ரோக் என்றால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சிசி. கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வந்த காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 8 என்று வைத்தால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் ஏறக்குறைய 34 சிசி. பிஸ்டன் உயரம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் அந்த இடம் 37 சிசி ஆகிவிடும், விகிதம் 7.4-க்கு இறங்கிவிடும். வண்டி ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும். உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலோ பிஸ்டன் பிளாக்கின் மட்டத்தைத் தாண்டி ஹெட்டை முட்டலாம். ஆகவே மாற்றுப் பிஸ்டன் தேடுகிறவர் கையில் இந்த அளவுகள் இருக்க வேண்டும்: துளை, பின் விட்டம், பின் மையத்திலிருந்து தலை உயரம், மொத்த நீளம், ரிங் பள்ளங்களின் உயரம், தலையின் வடிவம், எடை. இந்த ஏழு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிஸ்டன் கம்பெனிகளின் கேட்டலாக்கைப் புரட்டுங்கள். கார், ஆட்டோ, பைக், டிராக்டர், பம்ப்செட் என்று எதையும் விடாதீர்கள். சென்னை செம்பியத்தில் இருக்கும் இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற கம்பெனிகளின் பழைய கேட்டலாக் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், அளவுகளோடு அச்சிட்ட கேட்டலாக் ஒரு பொக்கிஷம்.

பிஸ்டன் முடிவான பிறகுதான் சிலிண்டரைத் தொட வேண்டும். கையில் இருக்கும் நான்கு பிஸ்டனையும் அளந்து, அதற்கு ஏற்றபடிதான் போர் பண்ணி ஹானிங் (கல்லால் தேய்த்துச் சுவரை நேர்த்தியாக்குவது) செய்வது. பிஸ்டன் வருவதற்குள் போர் முடித்துத் தருகிறேன் என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். கிடைத்த பிஸ்டன் துளையைவிடச் சிறியது என்றால் ஸ்லீவ் போடலாம். பிளாக்கைப் பெரிதாகப் போர் பண்ணி, வார்ப்பிரும்பு ஸ்லீவை இறுக்கமாக அழுத்தி இறக்கி, அதன் உள்பக்கத்தை வேண்டிய அளவுக்குக் கடைவது. கோவையில் இது தினசரி வேலை. ஒரு நிபந்தனை உண்டு: பிளாக்கின் சுவர் தாங்க வேண்டும். வார்க்கும்போது உள்வெளியை உருவாக்கும் மணல் கோர் கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் சுவர் தடிமனாகவும், மறுபக்கம் தண்ணீர் பாதையை ஒட்டி மெலிதாகவும் இருக்கும். அல்ட்ராசோனிக் கேஜ் வைத்துச் சுவரை அளக்கச் சொல்லுங்கள். சின்னச் செலவு, பெரிய நஷ்டத்தைத் தடுக்கும்.

கிராங்கைப் பற்றிச் சொல்கிறேன். 948 இன்ஜினில் கிராங்க் மூன்று மெயின் பேரிங்கில் சுற்றுகிறது. ஜர்னல் (பேரிங்கில் சுற்றும் உருண்ட பகுதி) தேய்ந்திருந்தால் 10, 20, 30 தவ் என்று அரைத்து, அதற்கு ஏற்ற அண்டர்சைஸ் ஷெல் (அரைவட்டத் தகடாக வரும் பேரிங்) போடுவது வழக்கம். இங்கேயும் முதலில் ஷெல் கையில் வரட்டும், பிறகு கிரைண்டிங். அரைக்கும்போது ஜர்னலும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் ஒரு வளைவு இருக்கும். அதை அப்படியே காப்பாற்ற வேண்டும். மூலையைக் கூராக வெட்டிவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் பிளக்கும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில். அரைத்து முடித்ததும் விரிசல் சோதனை பண்ணாமல் வாங்காதீர்கள். இந்த இன்ஜின் குடும்பத்துக்கே உரிய பலவீனம் ஒன்றும் உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் அரைவட்டத் தகடுகள் பின்புற மெயின் பேரிங்கில் உட்காரும். அவை தேய்ந்து மெலிந்தால் நழுவிச் சம்ப்பில் விழுந்துவிடும், பிறகு கிராங்க் நேராகப் பிளாக்கையே அரைக்கும். ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்புறப் புல்லியைப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகர்ந்தால் தகடு போயிற்று. இந்தத் தகடு ஸ்பிட்ஃபயர்காரர்களுக்கும் தேவைப்படுவதால் ஓவர்சைஸ் உட்பட வெளிநாட்டில் கிடைக்கிறது.

உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது 1930-களின் கார் இருந்தால் அவர்களுக்காக: அந்த வண்டிகளில் பலவற்றில் ஷெல்லே கிடையாது. வெள்ளீயம் பெரும்பங்கு சேர்ந்த ஒயிட் மெட்டலைச் சூடாக நேரே ராடிலும் பிளாக்கிலும் ஊற்றி, கடைந்து, சுரண்டிப் பொருத்துவார்கள். இங்கே கிடைக்காமல் போவது பாகம் இல்லை, ஊற்றத் தெரிந்த கை. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள், அவரிடம் கற்றுக்கொள்ள ஓர் இளைஞரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வால்வு சுலபம். தண்டின் விட்டம், தலையின் விட்டம், நீளம், லாக் பள்ளத்தின் இடம் ஆகிய நான்கும் பொருந்தும் வால்வைத் தேடி, தலையைக் கொஞ்சம் பெரிதாகவே வாங்கிக் கடைந்துகொள்ளலாம். வால்வின் தண்டு நகரும் குழாயான கைடு வெண்கலத்திலோ வார்ப்பிரும்பிலோ எந்தப் பட்டறையிலும் செய்துவிடுவார்கள். வால்வு மூடும்போது உட்காரும் இடமான சீட்டைப் பற்றித்தான் ஒரு வார்த்தை. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றது. பழைய இன்ஜின்களில் வால்வு நேராக வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே உட்காரும், ஈயப்படிவம் அதற்கு ஒரு மெத்தை மாதிரி. ஈயம் போனதும் எக்ஸாஸ்ட் சீட் மெல்ல உள்வாங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டும் வண்டிக்கு இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதில் பட்டறைக்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்து, ஹெட் எப்படியும் இறங்கியிருக்கிறது, எக்ஸாஸ்டுக்கு மட்டுமாவது கடின சீட் இன்சர்ட் போட்டுவிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்னொரு தலைவலி. பழைய ரப்பர் ஹோஸ், ஏசி பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டரின் கார்க் வாஷர் எல்லாவற்றையும் அது ஊற வைத்துக் கெடுக்கும். பெட்ரோல் பாதையில் இருக்கும் ரப்பர் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் எஃப்கேஎம் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் விடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கேஸ்கட்டுக்குக் கவலையே வேண்டாம். ஹெட் கேஸ்கட்டின் பழைய துண்டு முழுசாக இருந்தால் அதை ஸ்கேன் செய்து, செம்புத் தகட்டில் லேசரிலோ வாட்டர்ஜெட்டிலோ வெட்டிக் கொடுப்பார்கள். செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மிருதுவாகும், அப்படியே போட வேண்டும். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள், மாஸ்க் போடுங்கள்.

வார்த்துச் செய்ய வேண்டிய பாகங்களும் வரலாம்: தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப் உடல், மேனிஃபோல்டு. துணி ஆலை இயந்திரங்களாலும் பம்ப் தொழிலாலும் வளர்ந்த கோவைக்கு ஃபவுண்டரியும் (வார்ப்பாலை) மணலில் பதிக்கும் மாதிரியான பேட்டர்னைச் செய்யும் பேட்டர்ன் மேக்கரும் புதிதில்லை. நிறையப் பேர் செய்யும் தவறு, பழைய பாகத்தையே மணலில் பதித்து வார்ப்பது. உலோகம் இறுகும்போது சுருங்கும். அலுமினியம் ஏறக்குறைய 1.3 சதவீதம், வார்ப்பிரும்பு 1 சதவீதம். 200 மில்லிமீட்டர் நீளமான அலுமினியப் பாகம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துதான் வெளியே வரும், போல்ட் துளைகள் ஒன்றும் சேராது. மெஷின் பண்ணுவதற்கு விட வேண்டிய தடிமனும் இருக்காது. சுருக்கத்தையும் மெஷினிங்கையும் கூட்டி பேட்டர்ன் தனியாகச் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் மூடி போன்ற எளிய சாமானுக்கு ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் வார்ப்பே வேண்டாம், அலுமினியக் கட்டியிலிருந்து சிஎன்சியில் குடைந்து எடுப்பது மலிவு. பேட்டர்னுக்கு ஆகும் செலவு ஒரு பாகத்துக்கும் பத்துப் பாகத்துக்கும் ஒன்றேதான் என்பதால், வார்ப்பதாக இருந்தால் வேறு ஹெரால்டுக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி சங்கங்களில் கேட்டால் அதே பாகத்துக்காகக் காத்திருக்கும் நாலு பேராவது இருப்பார்கள்.

பேட்டர்னே இல்லாமலும் வார்க்கலாம் என்ற காலம் வந்துவிட்டது. பாகத்தை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, கணினியில் சரிசெய்து, மணல் அச்சையே நேராக அச்சிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். 1914-ஆம் ஆண்டின் டெலாஜ் பந்தயக் கார் ஒன்றுக்கு, ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தின் உதவியோடு முழு இன்ஜின் பிளாக்கையே இப்படி வார்த்தார்கள். போர்ஷே கம்பெனி 292 மட்டுமே செய்த 959 காரின் கிளட்ச் லீவரை, உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகச் செய்து விற்கிறது. அதற்கான பழைய வார்ப்புக் கருவிகளை மறுபடி உருவாக்குவதைவிட அது லாபம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் ஹெரால்டுக்கு பிளாக் செய்யும் அளவுக்கு இந்த வழி தேவைப்படாது, கட்டுப்படியும் ஆகாது. சிக்கலான சிறிய வார்ப்புக்கு, குறிப்பாக உள்ளே வளைந்து செல்லும் தண்ணீர்ப் பாதை உள்ள பாகத்துக்கு, இப்போதே விசாரித்துப் பார்க்கலாம்.

சந்தேகத்தோடு அணுக வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். விரிசல் விட்ட வார்ப்பிரும்பு பிளாக்கை வெல்டிங் வைத்துச் சரிசெய்வது ஆளைப் பொறுத்தது. நிக்கல் ராடு போட்டு, முழுதாகச் சூடேற்றி, மெல்ல ஆறவிடத் தெரிந்தவர் செய்தால் நிற்கும், அவசரக்காரர் செய்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். வெளிச்சுவரில் தண்ணீர் கசியும் விரிசலுக்கு, சூடே இல்லாமல் உலோக ஊசிகளைத் திருகித் தைக்கும் ஸ்டிச்சிங் முறைதான் நல்லது. தேய்ந்த ஜர்னலில் உலோகத்தைத் தெளித்து ஏற்றி மறுபடி அரைத்த கிராங்கை, வேறு வழியே இல்லாதபோதுதான் ஏற்றுக்கொள்வேன்.

கடைகளைப் பற்றி. சென்னையில் புதுப்பேட்டை கழற்றிய சாமானுக்கு, ஜிபி ரோடு புதுச் சாமானுக்கு. கொல்கத்தாவின் மல்லிக் பஜார், மும்பையின் சோர் பஜார், டெல்லியின் காஷ்மீரி கேட் ஆகியவையும் உண்டு. ஆனால் ஹெரால்டு தென்னாட்டுக் கார். அதன் பழைய சரக்கு பெரிய சந்தைகளைவிடச் சிறிய ஊர்களில், மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளின் பரணில் தூங்குகிறது. கும்பகோணம், காரைக்குடி, திண்டுக்கல் பக்கமெல்லாம் பழைய கடைகளில் நின்று, பொறுமையாகப் பேசிப் பாருங்கள். பெட்டியில் ஸ்டான்பார்ட் என்று போட்டிருந்தால் அது ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனியின் அசல் பெயர். பிரிக்காத பெட்டி என்றாலும் பார்த்து வாங்குங்கள். உலோகம் கெடாது, பேரிங் ஷெல்லில் துருப்புள்ளி இல்லாவிட்டால் தாராளமாகப் போடலாம். ரப்பரும் கார்க்கும் பெட்டிக்குள்ளேயே காலாவதியாகியிருக்கும், அவற்றை மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பதை வைத்துப் பழைய கார்களை ஓட்டுவதில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்கு நிகர் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் ஸ்பேரும் வராத 1990-களில் ஆஸ்டின் ஏ40-யையும் மாரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், பெட்ரோல் சில துளிகள் விட்டு ஸ்டார்ட் செய்து. மண்ணெண்ணெய் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதைக் கெடுக்கும், இன்ஜினுக்கு அது கொடுமைதான். அந்த நிலையிலும் அந்தக் கார்களைக் கைவிடாத ஊர் அது.

மாருதி இன்ஜின் யோசனைக்கு வருகிறேன். அது நடக்காத காரியம் இல்லை, நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் எண் மாறும், ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும். அதோடு, 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, அசல் நிலையில் இருக்கும், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிதான் வின்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும், ‘விஏ’ என்ற எழுத்துள்ள தனி எண் வரிசையும் அதற்குத்தான். இன்ஜினை மாற்றிய வண்டி அந்தத் தகுதியை இழக்க வாய்ப்பு அதிகம். எப்படியும் மாற்றுவதென்றே முடிவு செய்தாலும், பழைய இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, சுற்றிக் கட்டி, வீட்டிலேயே வையுங்கள்.

செலவு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். திறந்து அளக்காமல் யாராவது ஒரு தொகையைச் சொன்னால் நம்ப வேண்டாம், நானும் சொல்லப் போவதில்லை. ஹெட் இறங்கியதும் நான்கு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மொத்தம் 24 எண்கள். கூடவே பிஸ்டன் தலையில் ஏதாவது சைஸ் பொறித்திருக்கிறதா என்று கார்பனைத் துடைத்துப் பார்த்து, மூன்று மெயின் ஜர்னல், நான்கு கிராங்க் பின் அளவுகளையும் குறித்து இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்தால் வெறும் ரிங்கும் ஹானிங்கும் போதுமா, ஓவர்சைஸா, ஸ்லீவா என்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியும்.